தோழியிடமுமா மூன்று மாதம் மறைப்பது?

"மூணு மாசம் முடியட்டும், அப்புறமா வெளியில சொல்லிக்கலாம்." கருவுற்ற பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் மீதி. இரண்டுமே புரிந்துகொள்ளக்கூடியவைதான். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, நெருங்கிய தோழிக்கே சொல்லாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாடு மறந்துபோனதால், துணை அதிகம் தேவைப்படும் வாரங்களில்தான் பெண்கள் தனியாக நிற்கிறார்கள்.

அந்த வாரங்கள் லேசானவை அல்ல. காலைப் பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் தலை எண்ணெய் வாசனை குமட்டும். மதியம் அலுவலகத்தில் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், பெருங்காய வாசம் தாங்காமல் எழுந்து ஓட வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் கேஸ் டிரபிள்" என்று பதில் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் நான்கு பேரில் இரண்டு பிள்ளை பெற்ற அக்காவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிடும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கைப்பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து மேசையில் வைப்பார். மறுநாள் காபிக்குப் பதில் எலுமிச்சைச் சாறு வாங்கி வருவார். சொல்லாமலே புரிந்துகொள்ளும் இப்படி ஒருவர் வாய்த்த பெண் கொடுத்துவைத்தவள். வாய்க்காதவர்கள்தான் அதிகம்.

கருச்சிதைவு பயம்தான் இந்த மௌனத்தின் வேர் என்பதால் அதை நேராகவே பேசிவிடலாம். 2021-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, தெரியவந்த கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கலைந்துவிடுகின்றன. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி. இவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களிலேயே நடக்கின்றன. ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவிலேயே ஏற்பட்ட குரோமோசோம் கோளாறு. மாடிப்படி ஏறியதோ, ஸ்கூட்டரில் போனதோ, யார் கண்ணாவது பட்டதோ அல்ல. இத்தனை பரவலான ஒரு விஷயம் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனக்கு மட்டுமே நேர்ந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான். அமெரிக்க முன்னாள் அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா 2018-ல் வெளியான தன் வரலாற்று நூலில் தனக்குக் கரு கலைந்ததை எழுதினார். அப்போது தான் தோற்றுப்போனதாக உணர்ந்ததையும், இது இவ்வளவு சாதாரணமாக நடக்கும் என்றே தெரியாமல் இருந்ததையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஹார்வர்டில் சட்டம் படித்த ஒருவருக்கே தெரியவில்லை என்றால், மற்றவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கர்ப்பம் என்றே தெரியாத தோழியிடம் கரு கலைந்ததைச் சொல்லி அழ முடியாது. நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே மூச்சில் சொல்ல யாருக்கும் வாய் வராது. வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குத் திரும்பும் பெண்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்பது 1961-ம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் தந்த உரிமை. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், அதைவிட முக்கியமாக, அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரசவ விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும். இந்த ஆறு வாரம் அதன் நிழலிலேயே மறைந்துகிடக்கிறது. இதை அறிந்த ஒரு தோழி பக்கத்தில் இருந்தால் போதும், அந்தப் பெண் உடம்பையும் மனதையும் தேற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். நியூசிலாந்து 2021-ல் கருச்சிதைவுக்குத் துக்க விடுப்பே கொடுத்தது, மூன்று நாள், கணவருக்கும் சேர்த்து. இழந்தது இருவரும்தான் என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது.

வீடு மறைக்கச் சொல்லும் அதே மூன்று மாதத்தில்தான் அரசு சொல்லச் சொல்கிறது. கர்ப்பத்தைப் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே பார்ப்பதற்குத்தான் இந்த அவசரம். கிராம சுகாதார செவிலியர் கதவைத் தட்டும்போது "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் மாமியாருக்கு இது தெரியாமல் இருக்கலாம். போன வருடம் பிள்ளை பெற்ற எதிர்வீட்டுத் தோழிக்கு நிச்சயம் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால், தெரிந்தவர் எல்லோரும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுடையது. யாரிடம், எப்போது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குழந்தைப்பேறு தள்ளிப்போகும் சிக்கலைச் சந்திக்கிறார். ஆறு பேர் கொண்ட தோழிகள் குழுவில் ஒருத்தி மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவளுக்கு இந்தச் செய்தி வளைகாப்புப் பத்திரிகை வழியாகவோ, குழுவில் திடீரென்று வந்து விழும் ஸ்கேன் படம் வழியாகவோ போய்ச் சேரக் கூடாது. தனியாக, முன்கூட்டியே, நேருக்கு நேர் அல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாகச் சொல்வது நல்லது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அவளுக்கு அவகாசம் கிடைக்கும். பிறகு அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அதைப் பொறாமை என்று பெயரிட்டு ஒதுக்குவது கொடுமை. அதைவிடப் பெரிய கொடுமை, குழந்தை இல்லாதவள் என்பதற்காக வளைகாப்பில் வளையல் அடுக்க விடாமல் அவளை ஓரமாக உட்கார வைப்பது. அந்த வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்தும் அதிகாரம் அன்றைக்கு மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத்தான் உண்டு. "அவ வளையல் போட்டாத்தான் நான் கை நீட்டுவேன்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் கூடியிருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளை பிறந்த பிறகு தோழமையின் வேலை குறைவதில்லை, கூடுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். ஆனாலும் தையல் போட்ட வயிற்றுடன் எப்படிப் படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழுவது, தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்வது எப்படி என்பதையெல்லாம் முன்பே சொல்லிக்கொடுப்பவர் யார்? அண்மையில் அந்த வலியைத் தாண்டியவள்தான். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும் இரவில், "பயப்படாதடி, வெந்நீர்த் துணி வெச்சு ஒத்தடம் குடு, பிள்ளையை வாயில விடு, காய்ச்சல் வந்தா மட்டும் டாக்டரைப் பாரு" என்று போனில் வரும் குரலுக்கு ஈடு கிடையாது.

வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநலப் பாதிப்புக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "குழந்தையைப் பார்த்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது" என்பதைத் தாயிடம் சொன்னால் பதறுவார், கணவரிடம் சொன்னால் விழிப்பார். தோழியிடம் சொல்லலாம். ஆனால் அவள் தன் வீட்டுச் சண்டையையும் சிந்திய பாலையும் தூங்காத இரவையும் ஏற்கெனவே பகிர்ந்திருந்தால்தான் இது வெளியே வரும். அலங்கரித்த தொட்டில் படங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். பிள்ளை சோற்றைத் துப்பியதும், கடைத்தரையில் உருண்டு அழுததும், பொறுமையிழந்து ஓர் அடி வைத்துவிட்டுப் பிறகு தானும் சேர்ந்து அழுததும் பகிரப்பட வேண்டிய செய்திகள்தான். நூறு பேர் பார்க்கும் இடத்தில் அல்ல. நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம்.

தோழி மருத்துவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், எம் பையனும் அப்படித்தான்" என்ற ஆறுதல் பல குழந்தைகளின் அருமையான மாதங்களைத் தின்றிருக்கிறது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையைக் காட்டத்தான் வேண்டும். அதற்கென்று மாவட்டங்களில் அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவச் சொல்வதும் இந்த ரகம்தான்; அன்பாகச் சொன்னாலும் அது ஆபத்து.

ஆண்கள் இந்தப் பேச்சில் எங்கே இருக்கிறார்கள்? நண்பன் அப்பாவாகப் போகிறான் என்றால் ட்ரீட் கேட்பார்கள், முதுகில் தட்டுவார்கள், அதோடு சரி. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதற்கும் சட்டக் கட்டாயம் இல்லை. இரவில் அழும் குழந்தையைத் தோளில் போட்டு நடந்த அனுபவம் இருக்கும் நண்பன் அதை வாய்விட்டுச் சொன்னால், அடுத்தவனுக்கு எழுந்து நடக்கத் தோன்றும். இது பெண்களின் சமாச்சாரம் என்று ஒதுங்குபவர்கள் தங்கள் மனைவியின் சுமையைத்தான் கூட்டுகிறார்கள்.

பேசுவதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து பதில் இருக்கிறது. ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனம் அங்குள்ள பழங்குடிக் கிராமங்களில் பெண்களை மாதந்தோறும் கூட்டிப் பேச வைத்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் நடத்துவார். படங்களையும் விளையாட்டுகளையும் கதைகளையும் வைத்து, பிரசவத்தில் என்னென்ன சிக்கல் வருகிறது, ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம் என்று அவர்களே விவாதித்தார்கள். 2010-ல் லான்செட்டில் வந்த முடிவுகள்படி, இந்தக் குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனமே இத்தகைய பெண்கள் குழுக்களைப் பரிந்துரைத்தது.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகள் வரிசையாக அமர்ந்து வளையல் அணிந்து, கலவை சாதம் சாப்பிட்டு, சீர்த்தட்டுடன் வீடு திரும்புகிறார்கள். அழகான நிகழ்ச்சி. ஆனால் அதற்குள் பெரும்பாலானவர்கள் கர்ப்பத்தின் பிற்பகுதிக்கு வந்துவிட்டிருப்பார்கள். அதே அங்கன்வாடியில், பதிவு செய்த முதல் மாதத்திலிருந்தே, மேடையும் மாலையும் இல்லாமல், அண்மையில் பிள்ளை பெற்ற இரண்டு தாய்மார்களையும் சேர்த்து மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளை உட்கார வைத்துப் பேசவிடலாம். ஒரு பாயும் ஒரு மணி நேரமும் போதும். கலைந்து போகும்போது ஒருவர் எண்ணை இன்னொருவர் போனில் பதிந்துகொள்ளட்டும்; இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட அவர்களுக்கு ஓர் ஆள் இருக்கும்.