மோட்டார் எத்தனை ஹெச்.பி.?

பூதலூர் பக்கம் 'மோட்டார்' என்றால் ஒரே அர்த்தம்தான். போர்வெல்லுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, கரன்ட் இருந்தால் தண்ணீரும், இல்லாவிட்டால் தலைவலியும் கொடுக்கிற வஸ்து. ஆகவே, "இந்த வாரம் ராக்கெட் மோட்டாரைப் பத்தி எழுதப் போறேன்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"எத்தனை ஹெச்.பி. தம்பி?"

ராக்கெட்டுக்கு ஹெச்.பி. கணக்கு கிடையாது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு வருவோம். முதலில், கோடீஸ்வரர்கள் ராக்கெட்டில் டூர் போகிறார்களே, அந்தக் கதை.

போகிறார்கள் என்றால் நிலாவுக்கு இல்லை. நேரே மேலே, சுமார் 100 கிலோமீட்டர் வரை. திருச்சியிலிருந்து கும்பகோணம் போகிற ரோட்டைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதி வழியிலேயே எஞ்சின் அணைந்துவிடும். மாங்காய்க்கு எறிந்த கல் மாதிரி வண்டி தன் வேகத்திலேயே மேலே போய், நின்று, திரும்பி விழும். உள்ளே இருக்கிறவரும் அதே கதியில் போவதால் உடம்பின் கனமே தெரியாது. மூன்று நான்கு நிமிஷம் மிதக்கலாம். ஜன்னல் வழியே பூமியின் வளைவைப் பார்க்கலாம். அவ்வளவுதான், இறங்கு!

'வர்ஜின் கேலக்டிக்' கம்பெனி 2021-ல் இதற்கு வைத்த விலை நாலரை லட்சம் டாலர். அன்றைய ரேட்டில் மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாய் வரும். பி.காம். படித்த பாவத்துக்கு வகுத்துப் பார்த்தேன். மிதக்கிற நிமிஷம் ஒவ்வொன்றுக்கும் எண்பது லட்சத்துக்கு மேல்! ஹவுஸிங் லோன் கட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவும்.

விலையை விடுங்கள். காத்திருந்த கதையைக் கேளுங்கள். அந்தக் கம்பெனி 2004-ல் ஆரம்பித்தது. 2007 வாக்கில் கூட்டிப் போகிறோம் என்றார்கள். ஜான் குட்வின் என்று ஓர் ஆங்கிலேயர், 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் படகு ஓட்டியவர், 2005-ல் டிக்கெட் வாங்கினார். அவர் மேலே போனது 2023 ஆகஸ்ட் 10-ம் தேதி. வயது 80. இடையில் பார்க்கின்சன் நோய் வேறு வந்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. பதினெட்டு வருஷம்! ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.

ஏன் இத்தனை தாமதம்? பெரிய காரணங்களில் ஒன்று நம்ம மோட்டார்தான்.

2004-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 'ஸ்பேஸ்ஷிப் ஒன்' என்ற குட்டி வண்டி இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை 100 கிலோமீட்டரைத் தாண்டி, ஒரு கோடி டாலர் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அதன் மோட்டாரில் எரிந்தது ரப்பர். ஆமாம், டயர் ஜாதி ரப்பர்தான். அதை எரிக்க உள்ளே விட்டது நைட்ரஸ் ஆக்சைடு. பல் டாக்டர்கள் வைத்திருக்கிற 'சிரிப்பு வாயு'! எளிமையான மோட்டார், ஆபத்து குறைவு என்றார்கள்.

ஆனால் நாலு பேருக்குப் பக்குவமாகச் சோறு வடிக்கிறவர் கல்யாணத்துக்கு அண்டா ஏற்றினால் என்ன ஆகும்? அடியில் தீயும், மேலே வேகாது. ஆறு பயணிகளுக்காகப் பெரிய வண்டி கட்டியபோது மோட்டாரும் அப்படித்தான் படுத்தியது. 2014-ல் ரப்பரைத் தூக்கிவிட்டு ஒரு வகை பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 2015-ல் மறுபடி ரப்பருக்கே திரும்பினார்கள்.

இதற்கு நடுவில் உயிர்களும் போயின.

2007 ஜூலை 26. மொஹாவியில் அன்று மோட்டாரைப் பற்ற வைக்கக்கூட இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு சரியாகப் பாய்கிறதா என்று மட்டும் சோதித்தார்கள். வெடித்தது. வேலைக்கு வந்தவர்களில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை.

2014 அக்டோபர் 31. சோதனைப் பறப்பு. புது பிளாஸ்டிக் மோட்டார் ஒழுங்காகவே எரிந்தது. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி, இறங்கும்போது மடக்க வேண்டிய வால் பகுதியின் பூட்டைச் சில விநாடிகள் முன்னதாகவே திறந்துவிட்டார். வண்டி ஆகாயத்திலேயே உடைந்தது. அவர் இறந்துபோனார், விமானி பாராசூட்டில் பிழைத்தார். விசாரணை செய்த அமெரிக்க அரசு அமைப்பு, பழியைச் செத்தவர் தலையில் கட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடவில்லை. ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை தவறினால் வண்டியே போய்விடும் என்பதை யோசிக்காமல் கட்டியது கம்பெனியின் குறை என்று எழுதியது. நம் ஆபீஸ் என்கொயரிகளில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருக்கிறீர்களா?

*

நம்மிடம் டூரிஸ்ட் ராக்கெட் இல்லை. ஆனால் மனிதர்களை ஏற்றப் போகிற எஞ்சினைக் கட்டிப் போட்டுச் சோதிக்கிற இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம், மகேந்திரகிரி. இஸ்ரோவின் எஞ்சின்கள் அங்கே நின்ற இடத்தில் எரியும்.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. காயில் கட்டுகிற மெக்கானிக், மோட்டாரைக் கடையிலேயே ஓட விட்டுப் பார்க்காமல் போருக்குள் இறக்குவாரா? இறக்கின பிறகு தகராறு செய்தால் முந்நூறு அடி பைப்பை மேலே இழுக்கவேண்டும். ராக்கெட் விஷயத்தில் இழுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது!

ககன்யான் திட்டத்துக்கான 'சி.இ.20' கிரையோஜெனிக் எஞ்சினை மனிதர்களுக்கு ஏற்றதுதான் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதற்கு முன் நான்கு எஞ்சின்கள், 39 சோதனைகள், மொத்தம் 8,810 விநாடிகள் எரிந்திருந்தன. விதிப்படி 6,350 விநாடிகள் போதும். 8,810 விநாடி என்பது கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். பாட்டு, ஃபைட்டோடு ஒரு முழுத் தமிழ்ப் படம்! அதில் 41 நிமிஷம் யாரும் கேட்காமலே செய்த ஓவர்டைம்.

2023 அக்டோபர் 21 ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீஹரிகோட்டா. ஆபத்து வந்தால் வீரர்கள் தப்பிக்கும் ஏற்பாட்டை, ஆளில்லாத கூண்டை அனுப்பிச் சோதிக்கும் நாள். நாடே டி.வி. முன்னால். வானிலையால் முதலிலேயே தாமதம். பிறகு கவுன்ட் டவுன்... ஐந்து விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. என்னவென்று பார்த்து, சரி செய்து, பத்து மணிக்கு மறுபடி விட்டார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டு பிரிந்து, பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது.

நம்ம சென்னைப் பையன்கள் கதையும் இதேதான். ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த 'அக்னிகுல்' கம்பெனி, முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு ஒரு சோதனை ராக்கெட் தயார் செய்தது. பெரியவர் கேட்டாரே, அந்தக் கணக்குக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். அந்த எஞ்சினின் தள்ளுவிசை சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். அறுபது கிலோ மூட்டையில் பத்து மூட்டை நெல்! இந்த ராக்கெட்டுக்கு நாலு தடவை நாள் குறித்தார்கள். நாலு தடவையும் நிறுத்தினார்கள். ஐந்தாவது முறை, 2024 மே 30 காலை, கிளம்பியது.

அந்த நாலு தடவையும் 'புஸ்வாணம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ, ராக்கெட் கிளம்பியதைவிட நின்றதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. விடுவதற்கு எரிபொருள் போதும். நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும். முதலீட்டாளர் பார்க்கிறார், பத்திரிகைக்காரர் காத்திருக்கிறார், மேலதிகாரி வாட்ச்சைப் பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கு இன்க்ரிமென்ட் பயம் கிடையாது, நிறுத்திவிடும். மனுஷன்?

"சார், இது சரியாப்படலை. இன்னிக்கு வேண்டாம்" என்று உங்கள் ஆபீஸில் ஒருத்தர் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? பாராட்டா, ராமநாதபுரம் டிரான்ஸ்ஃபரா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் அந்த இடத்தில் செய்யப்படும் எந்தப் பொருளுக்குள்ளும் உயிரை நம்பி ஏறலாமா என்பது இருக்கிறது. அது ராக்கெட்டோ, டவுன் பஸ்ஸோ, புதுப் பாலமோ.

நாளைக்கே குலசேகரன்பட்டினத்திலிருந்து சுற்றுலா ராக்கெட் விட்டு, உங்களுக்கும் லாட்டரியில் டிக்கெட் விழுந்தது என்று வையுங்கள். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எத்தனை தடவை நிறுத்தினீங்க?"

"அஞ்சாறு தடவை சார்" என்று அசட்டுச் சிரிப்போடு சொன்னால் தைரியமாக ஏறலாம். "ஒரு தடவைகூட இல்லை, எப்பவும் கரெக்ட் டைம்!" என்று மார்தட்டினால், காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு பூதலூர் பாசஞ்சரைப் பிடியுங்கள். லேட்டாக வந்தாலும் பரவாயில்லை!