பிள்ளைகளை வெயிலில் விடுங்கள்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பிள்ளை வளர்க்கும் அப்பா, அம்மாக்களே, கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

“வெயில்ல ஆடாதே, கறுத்துப்போயிடுவே” என்று பெண் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். அவளே கால் வலிக்குது என்றால் மெடிக்கலுக்கு ஓடுகிறோம். டாக்டர் சீட்டு இல்லாமலே 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் வாங்கிப் பாலில் கலக்கிக் கொடுக்கிறோம். ஹார்ட்டுக்கும் நல்லதாம் என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிறோம். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட் என்கிறது ஐ.சி.எம்.ஆர். அந்த ஒரு பாக்கெட் நூறு நாள் அளவு! ரத்தம் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. நாமாகக் கொடுத்துக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவில் நடுவயது தாண்டிய 25,871 பேரை வைத்து ஐந்து ஆண்டுக்கு மேல் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2018-இல் முடிவு வந்தது: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஓடியாடாமல் வீட்டுக்குள்ளேயே உடம்பு பெருத்தவருக்கு வெயிலும் கிடைக்காது, இதயமும் கெடும். இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. அதை விட்டுவிட்டு மாத்திரையை நம்புவது என்ன நியாயம்?

அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் கன்டெய்னர் லாரிப் புகைக்கும் பயந்துதான் பூட்டி வைக்கிறோம் என்பீர்கள். பயம் நியாயமானது, அந்த நுண்தூசி இதயத்துக்கு நேரடி எதிரி. புகை நெடி தூக்கலாக இருக்கும் நாளில் உள்ளேயே இருக்கட்டும். ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். 2002-இல் வெளியான டெல்லி ஆய்வில், மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 12.4 நானோகிராம், காற்று தெளிவாக இருந்த குர்கானில் 27.1. தோலில் வைட்டமினை உண்டாக்கும் கதிரைப் புகைமூட்டம் மறித்துவிடுகிறது. அப்படியென்றால் நம் பிள்ளைகளுக்கு வெளியில் நேரம் கூடுதலாக அல்லவா வேண்டும்?

காலை ஆறு மணி இளவெயில் வைட்டமின் டி உண்டாக உதவாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே, கைகால் திறந்திருக்க, கால் மணியோ அரை மணியோ போதும். கத்திரி வெயிலில் இன்னும் குறைவாக. காசிமேட்டில் மத்தியும் கானாங்கத்தையும் மலிவாகக் கிடைக்கிறது, அதிலும் வைட்டமின் டி உண்டு. விருந்தாளிக்கு வஞ்சிரம் வாங்குங்கள், பிள்ளைக்கு மத்தி வாங்குங்கள்.

பதினொன்று முதல் இரண்டு வரை பிள்ளை இருப்பது பள்ளியில். பி.டி. பீரியடில் கணக்கு நடத்தினால் நாம் மகிழ்ந்துபோகிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும் முன், மதிய வேளையில் வரும் விளையாட்டு நேரத்தைப் பறிக்காதீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.