மாதவரத்தில் பயங்கரம்!

தலைப்பைப் பார்த்து பயந்துடாதீங்க. இது நான் வச்சது இல்ல, எனக்கு வச்சது. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல தபால்பெட்டி ஸ்டாப் கிட்ட ஸ்கூட்டர்ல இருந்து கீழ விழுந்தேன். அதுக்கு ஒரு லோக்கல் யூட்யூப் சேனல்காரங்க வச்ச பேருதான் மேல இருக்கறது. முழுசா சொல்லணும்னா: "மாதவரத்தில் பயங்கரம்! தாறுமாறாக ஓடிய லோடு வேன்! நூலிழையில் உயிர் தப்பிய இளைஞர்!"

இளைஞர்னு போட்டதுக்கு மட்டும் அவங்களுக்கு நன்றி. எனக்கு 47 வயசு :-)

நடந்தது இதுதான். எனக்கு முன்னாடி தண்ணி கேன் ஏத்திக்கிட்டு ஒரு குட்டியானை போயிட்டு இருந்தது. குறுக்க நாய் வந்தது, அவர் பிரேக் போட்டார். நான் அந்தப் பக்கம் ஓரமா நின்ன கன்டெய்னர் லாரியைப் பார்த்துக்கிட்டே போனதால பிரேக் போடல. மெதுவா போய் அவர் வண்டி பின்னாடி முட்டி, சாஞ்சு, விழுந்தேன். முட்டியில சிராய்ப்பு. வண்டியோட பின்கதவு திறந்துக்கிட்டு அஞ்சாறு கேன் ரோட்டுல உருண்டு ஓடிச்சு. பயங்கரம்னு ஒண்ணு இருந்தா அந்த கேனுங்க உருண்டதுதான்.

அடுத்த பத்து நிமிஷத்துல வந்தவங்க: ஒரு 108, ரெண்டு ரோந்து பைக், ஒரு ஜீப், டிராஃபிக்கு ஒருத்தர், அப்புறம் சட்டம் ஒழுங்கா புலனாய்வா, இது யாரோட கேஸ்னு பேசிக்கிட்டு ரெண்டு பேர். கூடவே மைக் பிடிச்ச ஒரு தம்பி. ரோடு மூலக்கடை வரைக்கும் நின்னுடுச்சு. நிக்க வச்சது விபத்து இல்ல மக்களே, விபத்தைப் பார்க்க வந்தவங்க.

வேன்காரர் பாவம், இறங்கி வந்து என்னைத் தூக்கி விட்டு, தன் கேன்லயே தண்ணி ஊத்தி முட்டியைக் கழுவிக்கிட்டு இருந்தார். அதுல ஒரு போட்டோ கூட எவனும் எடுக்கல. அவரைச் சட்டையைப் பிடிச்சு ஜீப் பக்கம் கூட்டிட்டுப் போனதுதான் வீடியோல வந்தது.

"சார், தப்பு என்னோடது, நான்தான் பின்னாடி இடிச்சேன்"னு சொன்னேன். ஏட்டய்யா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அப்ப உங்க மேலதான் கேஸ் எழுதணும் சார், யோசிச்சுக்குங்க"ன்னார்.

நான் யோசிச்சேன். வாயை மூடிக்கிட்டேன். இதை எழுதறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.

நம்ம ஊர்ல எழுதாத ஒரு சட்டம் இருக்கு இல்லையா, எந்த வண்டி பெருசோ அதுதான் குத்தவாளி. சைக்கிளுக்கு பைக் குத்தவாளி, பைக்குக்கு குட்டியானை, குட்டியானைக்கு லாரி. கேஸ் வேணாம்னு மறுநாள் போய் எழுதிக் குடுத்தேன், நெருக்கமா ஒட்டிப் போனது நான்தான்னும் எழுதினேன். ஆம்புலன்ஸ் வந்தாச்சு, ஆஸ்பத்திரியில பதிவாயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. என் முட்டிக்கு பாரதிய நியாய சன்ஹிதால ரெண்டு செக்ஷன்: 281, 125. ஒரு பேண்டேஜுக்கு இது கொஞ்சம் ஓவர்.

அதை விடுங்க, வண்டிதான் விஷயம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதிக் குடுக்கற வரைக்கும் வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கும். புதன் அவர் வரல. வியாழனும் வரல. வெள்ளி ஏதோ லீவு. சனி, ஞாயிறு சொல்லவே வேணாம். திங்கள் சாயங்காலம்தான் விட்டாங்க. ஆறு நாள் ஓடல, டியூ கட்டற வண்டி அது. அந்த கேன் ரூட்டை வேற ஒருத்தன் பிடிச்சுட்டான். என் ஸ்கூட்டர்? கோர்ட் பக்கம் வேலை பார்க்கற மச்சான் ஒரு போன் போட்டார், அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினேன் (கோபம் வந்தாதானே படிக்கத் தோணுது). பிரிவு 136, விபத்துக்குள்ளான வண்டியைச் சோதனை போடறது பத்தி. சோதனைக்கு எடுத்துட்டுப் போனா எங்க வச்சிருக்கோம்னு ஓனருக்குச் சொல்லணும், வேலை முடிஞ்சதும் 24 மணி நேரத்துல திருப்பிக் குடுக்கணும். வேலை எப்ப முடியும்னு அதுல இல்ல, அதுதான் சூட்சுமம். பிடிச்ச வண்டிகளை ஸ்டேஷன்ல போட்டு வைக்காதீங்க, போட்டோ எடுத்துக்கிட்டு பத்திரம் எழுதி வாங்கிட்டு விடுங்கன்னு 2002ல ஒரு குஜராத் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. இப்ப போட்டோ, இடம், நேரம் எல்லாம் ஏத்தறதுக்கு ஐராட்னு ஆப் வேற இருக்கு, சென்னை ஐஐடி உருவாக்கினது. போன்ல ஏத்தின பிறகும் வண்டி எதுக்கு வெயில்ல காயணும்?

நிற்க. போலீஸ் சின்ன விபத்தையெல்லாம் கண்டுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. 2022ல நாட்டுலேயே அதிக விபத்து பதிவானது தமிழ்நாட்டுலதான், 64,105. செத்தவங்க 17,884. உத்தரப் பிரதேசத்துல விபத்து 41,746, ஆனா செத்தவங்க 22,595. நம்ம ரோடு மோசம்னு மட்டும் இதைப் படிக்கக் கூடாது. இங்க சின்னதையும் எழுதறாங்க, அங்க நிறைய எழுதறதே இல்லைன்னுதான் எனக்குப் படுது. எழுதணும். எஃப்.ஐ.ஆர். இல்லாம நஷ்ட ஈட்டுக்கு அலையறவங்களைக் கேட்டா தெரியும். எழுதுங்க. ஆனா எழுதறதுக்கு எதுக்கு நாலு வண்டி, ஒரு மைக், ஆறு நாள்?

17,884ன்னா ஒரு நாளைக்கு 49 பேர். அதுல எத்தனை பேருக்கு "பயங்கரம்" போட்டாங்க? எங்க ஏரியாவையே எடுத்துக்குங்க. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போற கன்டெய்னர் எல்லாம் 200 அடி ரோட்டுல மஞ்சம்பாக்கம் பக்கம் ராத்திரி ஓரங்கட்டி நிக்கும். பின்னாடி லைட் இருக்காது, சிவப்பு ஸ்டிக்கர் புழுதியில மறைஞ்சிருக்கும். லாரி நிறுத்தறதுக்குன்னே மாதவரத்துல சி.எம்.டி.ஏ. முனையம் இருந்தும் இந்தக் கதைதான். அந்த லாரி முன்னாடி மைக் பிடிச்ச தம்பியை நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. நான் விழுந்த அன்னிக்கு ஓரமா நின்ன லாரி கூட, கலாட்டா நடந்துக்கிட்டு இருக்கும்போதே நிதானமா கிளம்பிப் போயிடுச்சு.

வண்டி விட்ட அன்னிக்கு அந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். டீ வாங்கிக் குடுத்தார் (அவர்தான்!). நான் மன்னிப்பு கேட்க ஆரம்பிச்சதும் கையைக் காட்டி நிறுத்திட்டு, "இதுக்குதான் சார் அல்லாரும் வண்டிய வுட்டுட்டு ஓடிடறானுங்க. நானும் ஓடியிருந்தா ஆறு நாள் மிஞ்சியிருக்கும்"னார்.

2024 ஜனவரியில லாரி டிரைவர்கள் ஸ்ட்ரைக் பண்ணது ஞாபகம் இருக்கா? சாவு விபத்துல தகவல் சொல்லாம ஓடினா பத்து வருஷம்ங்கற 106(2) பிரிவுக்கு எதிரா. அப்ப நான் "ஓடறவனுக்கு என்ன சப்போர்ட்டு"ன்னு ஆபீஸ்ல பெருசா பேசினேன். ஜூலை 1ல புது சட்டம் வந்தப்ப அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வச்சாங்க. ஓடறது தப்புதான், இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா நின்னவருக்கு என்ன கிடைச்சதுன்னு பக்கத்துல இருந்து பார்த்த பிறகு அதே குரல்ல பேச வரமாட்டேங்குது.

கேஸ் எப்படி முடிஞ்சதுன்னா, அவர் கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினார். செய்யாத தப்பை. வழக்காடினா எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போகும்னு கணக்கு போட்டுப் பார்த்துட்டார். ஃபைன் பணம் என்னோடது. ஆறு நாள் கூலியும் குடுத்தேன், பாதியைத்தான் வாங்கிக்கிட்டார்.

"காசு கிடக்கட்டும் சார். அந்த வீடியோவ எடுக்கச் சொல்லு. பாப்பா ஸ்கூல்ல காமிச்சு சிரிக்கிறாங்களாம்."

சேனலுக்கு மெயில் போட்டேன். விழுந்தது நான்தான், தப்பு என்னோடதுதான்னு வீடியோ கீழயே கமெண்ட்டும் போட்டேன். கமெண்ட்டைத் தூக்கிட்டாங்க. மறுபடி போட்டேன், மறுபடி தூக்கிட்டாங்க.

நேத்து ராத்திரி பார்த்தேன். வீடியோ இன்னும் இருக்கு.