கூடைப்பந்துக்கு ஒரு பருவம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

பருவம் என்ற சொல்லை நம் கல்லூரியில் இரண்டு பொருளில் வழங்குகிறோம். ஒன்று, நம்மையெல்லாம் அச்சுறுத்தும் பருவத் தேர்வு. மற்றொன்று, நம்மில் பலர் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த கார்ப் பருவமும் பிசானப் பருவமும். மூன்றாவதாக ஒரு பருவத்தைப் பற்றி இந்த ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன். அதுதான் கூடைப்பந்துப் பருவம். அப்படி ஒன்று நம் நாட்டில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். என் கேள்வியும் அதுவே.

விடுதியில் நண்பர்கள் சிலர் விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறார்கள். படிப்பதற்காக என்று எண்ணி விடாதீர்கள்! அமெரிக்காவில் இரவில் நடக்கும் என்.பி.ஏ. ஆட்டங்கள் நமக்கு அதிகாலையில் கைப்பேசித் திரையில் வருகின்றன. அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும் அந்தப் போட்டியில் 30 அணிகள். முதற்கட்டத்தில் மட்டும் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். அடுத்த பருவம் என்று தொடங்கும், எந்த அணியில் யார் சேருவார் என்பதையெல்லாம் அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால், "நம் நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தின் அடுத்த பருவம் எப்போது?" என்று ஒரு நாள் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் தெரியாது.

கூடைப்பந்து நமக்குப் புதிய ஆட்டம் அன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டி இதனைத் தொடங்கி வைத்தார். அவர் பணியாற்றிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கமே உலகின் பல மூலைகளுக்கும் இதைக் கொண்டு சென்றது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-ஆம் ஆண்டிலேயே சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் அணி பங்கேற்றது. ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை என்றாலும், அந்த வாசலை மிதித்தது. பெரியகுளத்தில் கோடை விடுமுறையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைக் காணத் தென் மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள்வதை அறிவீர்கள். இரவு விளக்கொளியில் ஓர் ஊரே ஆட்டக்களத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் காட்சி அது. எனவே, தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்கு ரசிகர் இல்லை என்று கூறுவது பொருந்தாது.

அப்படியானால் நம் ஆட்டக்காரர்கள் இதுவரை எதை நம்பி வாழ்ந்தார்கள்? வேலையை நம்பி வாழ்ந்தார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, இரயில்வே, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, காவல்துறை ஆகிய நிறுவனங்கள் நன்றாக ஆடுபவர்களைப் பணியில் அமர்த்தின. பகலில் அலுவலகம், மாலையில் ஆட்டம், மாதக் கடைசியில் சம்பளம். இந்த ஏற்பாட்டை நான் குறைகூற மாட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பந்துதான் உத்தியோகம் வாங்கித் தந்தது. ஆயினும் அங்கே ஆட்டம் வேலைக்கு ஏணி; ஆட்டமே வேலை ஆகிவிடவில்லை.

ஆட்டத்தையே வேலையாக்கும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் வந்தது. 2015-இல் யு.பி.ஏ. என்ற தனியார் போட்டி தொடங்கியது. நம் பங்குக்குச் சென்னை ஸ்லாம் என்ற அணி களம் கண்டது. 2017-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. அதே 2015-இல் பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, இனி இந்தியாவில் கூடைப்பந்தின் காலம் என்றார்கள். அவர் என்.பி.ஏ. பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2022-இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது. ஆறு அணிகள் மோதிய அதன் முதல் பருவத்தில் சென்னை ஹீட் அணி வாகை சூடியது. பிறகு 2025 ஜனவரியில் 25 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியாக அது டில்லியில் நடைபெற்றது. ஒவ்வொரு முறையும் தொடக்க விழா இருந்தது. அடுத்த ஆண்டு இதே மாதம் என்ற உறுதி மட்டும் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். நம் அணியில் சென்டர் ஆடுபவன். அணியில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து கைதட்டுபவன் நான். அவனோ பந்தைக் கையில் வாங்கினால் எதிரணி இருவர் ஓடி வருவார்கள். தனியார் போட்டித் தொடர் ஒன்றுக்குச் சென்னையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெல்லை எக்ஸ்பிரசில் ஏறிப் போனான். தேர்வும் பெற்றான். பயிற்சி நாளும் பருவத் தேர்வும் ஒன்றாக வந்தன. தேர்வை விட்டான். போட்டி ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. பிறகு இன்னொரு மாதம். பிறகு பேச்சே இல்லை. கடிதமும் இல்லை, காசும் இல்லை. இரண்டு தாள் பாக்கியோடு ஊர் திரும்பினான்.

"ஏலே, நெல்லுப் போட்டா நாலு மாசத்துல வந்துரும், இல்லேன்னா வராதுன்னு தெரிஞ்சிரும். இது எப்ப வரும்னே தெரியலியேலே" என்று அவன் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. இப்போது அவன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அதில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அவன் முடிவைத் தவறு என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

"இதற்குத்தான் படிப்பைப் பார் என்கிறோம்" என்று பேராசிரியப் பெருமக்கள் கூறக்கூடும். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. தேதி இல்லாத ஒன்றுக்காகத் தேதி குறித்த தேர்வை விடக் கூடாது. ஆனால், அறிவுரை மாணவனுக்கு மட்டும் போதுமா? போட்டி நடத்துவோருக்கும் ஓர் அறிவுரை வேண்டாமா?

அமெரிக்கப் போட்டியின் இளமைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1946-இல் தொடங்கிய அதுவும் தள்ளாடித்தான் நடந்தது. 1950-இல் ஓர் ஆட்டம் 19-18 என்ற எண்ணிக்கையில் முடிந்தது. முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால், காசு கொடுத்து வந்தவன் என்ன செய்வான்? 1954-இல் 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆட்டம் உயிர் பெற்றது. அப்போது எஞ்சியிருந்த அணிகள் எட்டு. அவற்றுள் சிரக்யூஸ், ராச்செஸ்டர், ஃபோர்ட் வெய்ன் போன்ற நடுத்தர நகரங்களின் அணிகளும் இருந்தன. குறை நேர்ந்தபோது கடையை மூடாமல் குறையைத் திருத்தினார்கள். ஆண்டுதோறும் திரும்பி வந்தார்கள். தங்கள் ஊரிலேயே ஆடினார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி நமக்கு முக்கியம். சென்னைப் பெயர் தாங்கிய அணி டில்லியில் ஆடினால், சென்னைக்காரன் எங்கே நின்று கைதட்டுவது? அனுமதிச் சீட்டு வாங்க ஆள் இல்லையெனில், எந்த வணிகர் எத்தனை நாள் கைப்பணம் போடுவார்? பொருளியல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விடை ஒன்றே: தேவை இருக்கும் இடத்துக்குச் சரக்கு வர வேண்டும். பெரியகுளத்தில் கூட்டம் இருக்கிறது. நெல்லையிலும் இருக்கிறது. கிரிக்கெட்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கியபோதே நம் சங்கர்நகர் மைதானத்துக்கு வந்தது. கிரிக்கெட் வர முடிந்த ஊருக்குக் கூடைப்பந்து வர முடியாதா? இதற்கு வேண்டிய களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் தவிர்த்து நாள் குறித்தால் போதும்.

நம் தோழியர் சார்பில் ஒன்று கேட்க வேண்டும். யு.பி.ஏ.யிலும் சரி, டில்லியில் நடந்த போட்டியிலும் சரி, பெண்களுக்கு இடமில்லை. அனிதா பால்துரை நம் தமிழ்நாட்டவர். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானவர். கேரளத்து கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியா வரை சென்று கழக அணியில் ஆடினார். இத்தகையோர் தோன்றிய நாட்டில், மகளிருக்கு ஐவர் ஆட்டப் பருவம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்த முடியாதா?

எனவே வரப்போகும் பருவத்தை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் வருவார், பரிசுத் தொகை எத்தனை இலட்சம் என்பவை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் முன்கூட்டியே அறிவிக்கட்டும். அடுத்த ஆண்டின் நாளையும் அப்போதே அறிவிக்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பல்கலைக்கழகத் தேர்வு நாட்களைப் பார்த்து அட்டவணை போடட்டும். ஒரு சுற்றாவது தென் மாவட்டத்தில் நடக்கட்டும்.

நமக்கும் கடமை உண்டு. நம் கல்லூரித் திடலில் வளையம் இருக்கிறது, வலை இல்லை. கோடு அழிந்து கிடக்கிறது. மாலையில் பத்துப் பேர் ஆடினால் பார்ப்பவர் இருவர். விடியற்காலையில் அமெரிக்க ஆட்டத்தைப் பார்க்கும் நண்பர்கள் மாலையில் அரைமணி நேரம் இந்தத் திடலோரம் வந்து நின்றால் என்ன? ஒரு டப்பா வெள்ளைச் சாயம் நம் கைக்கு எட்டாததா? கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் போட்டி வரும்.

தாமிரபரணிக் கரை உழவர் வானத்தை மட்டும் நம்பி விதைப்பதில்லை. நீர் இருந்தால் பாபநாசம் அணை ஜூன் முதல் நாள் காருக்குத் திறக்கும் என்ற மரபை நம்பி வயலைத் தயார் செய்கிறார். நீர் குறைந்த ஆண்டில் கார் பொய்ப்பதும் உண்டு. ஆனாலும் பருவம் எது என்ற ஐயம் அவருக்கு இருப்பதில்லை. அந்த உறுதியைக் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். என் நண்பன் காவலர் சீருடை அணியட்டும், மகிழ்ச்சியே. அவனுக்குப் பின் இந்தத் திடலில் பந்து தட்ட வரும் முதலாண்டு மாணவனாவது, பந்தா படிப்பா என்று படித்துறையில் உட்கார்ந்து கலங்காமல், இரண்டுக்கும் நாள் குறித்து வாழட்டும்.