தேதி போடாத செக்

எங்கேயாவது மோட்டார் கண்காட்சி நடந்தால் மறுநாள் பேப்பரில் கட்டாயம் ஒரு படம் வரும். சுழலும் மேடை. அதன்மேல், வேற்றுக் கிரகத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய மாதிரி ஒரு கார். கதவில் கைப்பிடி இருக்காது. பக்கவாட்டுக் கண்ணாடி இருக்காது. கீழே கொட்டை எழுத்தில் ‘நாளைய ஹைப்ரிட் கார்’. பார்த்தவுடன் நாம் வாயைப் பிளக்கிறோம். நானும் பிளந்தவன்தான்.

ஆனால் நான் படித்தது பி.காம். எஞ்சின் தெரியாது, கணக்கு தெரியும். யாராவது செக் நீட்டினால் முதலில் தேதியைப் பார், அப்புறம் தொகையைப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த கான்செப்ட் கார்களில் பெரும்பாலானவை இரண்டுமே எழுதாத செக்குகள். கையெழுத்து மட்டும் பிரமாதமாக இருக்கும்.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1993 செப்டம்பர். அமெரிக்க அதிபர் கிளின்டன், ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்று கம்பெனிகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு கூட்டணியை அறிவித்தார். இலக்கு என்ன தெரியுமா? ஒரு குடும்பம் சௌகரியமாகப் போகிற கார், அன்றைய மைலேஜைப் போல மூன்று மடங்கு தரவேண்டும். கேலனுக்கு 80 மைல். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 34 கிலோமீட்டர். பத்தே வருடத்தில் தயாரிப்புக்குத் தயாரான மாதிரி வண்டி. இதற்காக அரசாங்கம் கொட்டிய பணம் 100 கோடி டாலருக்கு மேல். அத்தனையும் வரிப்பணம்.

2000-ல் மூன்று கம்பெனிகளும் கார்களை மேடையேற்றின. ஜெனரல் மோட்டார்ஸின் ‘ப்ரிசெப்ட்’ முன்னால் மின்மோட்டார், பின்னால் குட்டி டீசல் எஞ்சின் வைத்த ஹைப்ரிட். அலுமினிய உடம்பு. கண்ணாடிக்குப் பதில் கேமரா. சாதாரணக் காரின் காற்றுத்தடை எண் 0.3-ஐ ஒட்டி இருக்கும். இதற்கு வெறும் 0.163. கேலனுக்கு 80 மைல் என்றது கம்பெனி. ஃபோர்டின் ‘ப்ராடிஜி’யும், அதற்குள் டைம்லர்கிரைஸ்லராகிவிட்ட கிரைஸ்லரின் ‘இஎஸ்எக்ஸ்3’-யும் 72 மைல். எஞ்சினீயர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்றுகூட ஷோரூம் வாசலை மிதிக்கவில்லை. 2002 ஜனவரியில் புஷ் அரசாங்கம் கூட்டணிக்கு மங்களம் பாடிவிட்டு, இனி ஹைட்ரஜன்தான் என்று புதுத் திட்டம் அறிவித்தது. பழைய செக்கைக் கிழித்துப் போட்டு, இன்னும் தள்ளிப்போன தேதியில் புதுச் செக்.

அந்தக் கூட்டணியில் ஜப்பான்காரர்களுக்கு இடமில்லை. டொயோட்டா அதே 1993-ல் தன் பாட்டுக்கு ஒரு வேலையைத் தொடங்கியது. 1995-ல் டோக்கியோ கண்காட்சியில் ‘ப்ரியஸ்’ என்று ஒரு கான்செப்டைக் காட்டியது. அதன் பிறகு செய்த முதல் சோதனை வண்டி 49 நாள் நகரவே மறுத்ததாம்! ஆனாலும் 1997 டிசம்பரில் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. விலை 21.5 லட்சம் யென். ஜப்பானியச் சோதனைக் கணக்கில் மைலேஜ் லிட்டருக்கு 28 கிலோமீட்டர். முப்பத்து நான்கெல்லாம் இல்லை. அழகியும் இல்லை. ஆனால் பணம் கொடுத்தால் சாவி கொடுத்தார்கள். 2017 ஜனவரி முடிவதற்குள் டொயோட்டா விற்ற ஹைப்ரிட் கார்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன.

‘ப்ரியஸும் முதலில் கான்செப்ட் கார்தானே சார்?’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் கான்செப்ட் கார்மேல் கோபமில்லை. இரண்டே வருடத்தில் அந்தச் செக்கில் தேதியும் விழுந்தது, தொகையும் விழுந்தது. அதுதான் வித்தியாசம்.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் ஒரு பதில் உண்டு. ‘அப்போது பெட்ரோல் கேலன் ஒரு டாலர். ஜனங்கள் பெரிய பெரிய எஸ்.யூ.வி.தான் கேட்டார்கள். இஎஸ்எக்ஸ்3 செய்ய சாதாரணக் காரைவிட 7,500 டாலர் அதிகம் ஆகும். யார் வாங்குவார்கள்?’ இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சட்டப் புத்தகத்தில் பார்க்கவேண்டும். அங்கே கார்களின் சராசரி மைலேஜுக்கு அரசாங்க வரையறை உண்டு. கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. 1990-லிருந்து 2010 வரை அது அசையவே இல்லை. 90-களின் பிற்பாதியில் அதை உயர்த்தவே கூடாது என்று வருடாவருடம் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்துத் தடுத்தது நாடாளுமன்றம். ‘80 மைல் கார் வந்துகொண்டே இருக்கிறது, எதற்குச் சட்டம், எதற்குக் கட்டாயம்?’ என்று சொல்ல, மேடையில் சுழன்ற கார்களைவிட வசதியான சாட்சி வேறென்ன வேண்டும்?

இப்போது புரிகிறதா, அந்தக் கார் எதற்குப் பயன்பட்டது என்று? ஓடுவதற்கல்ல. தள்ளிப்போடுவதற்கு.

கடைசியில் பில் யாருக்கு வந்தது? 2008-ல் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியபோது, பெட்ரோல் குடிக்கும் வண்டியை வாங்கி வைத்திருந்த சாமானியனுக்கு. 2009-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்தடுத்துத் திவால் மனு கொடுத்தபோது, அவர்களைத் தூக்கிவிட மறுபடி வரிப்பணம் கொடுத்த அதே சாமானியனுக்கு.

ஆகவே, அடுத்த முறை அப்படியொரு படத்தைப் பார்த்தால் தாராளமாக ரசியுங்கள். ரசித்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். எப்போது வரும்? என்ன விலை? பதில் இருந்தால் கைதட்டலாம். இல்லாவிட்டால் அது கார் அல்ல, விளம்பரம். எந்த அரசாங்கமாவது அந்த விளம்பரத்தைக் காட்டி, சட்டம் போடாமல் தப்பிக்கப் பார்த்தால் மட்டும் ரசிப்பதை நிறுத்திவிட்டுச் சண்டை போடுங்கள். ஏனென்றால் அந்தச் செக் பவுன்ஸ் ஆகும்போது, கழிவது உங்கள் கணக்கில்தான்.