அரைநாட் சுற்றுலாவும் அயற்பெயர் அடிமையும்

கொடைக்கானலுக்கு வரும் தமிழ்க் குடும்பம் விடுதியில் மூட்டைகளை இறக்கிவைத்ததும் செய்கின்ற முதற்செயல், அரைநாளுக்குக் கட்டணம் பேசித் தனக்கென்று ஒரு மகிழுந்தை அமர்த்துவதாகும். வண்டி கிளம்புமுன் ஓட்டுநர் இடங்களை அடுக்குகின்றார். 'கோக்கர்சு வாக்', 'பிரையண்ட்டு பார்க்', 'பில்லர் ராக்சு', 'கிரீன் வேலி வியூ', 'பைன் பாரசுட்டு', 'மோயர் பாயிண்ட்டு', 'அப்பர் லேக் வியூ' என்று அப்பட்டியல் நீள்கின்றது. சொல்லும் ஓட்டுநர் தமிழர். கேட்கும் குடும்பத்தார் தமிழர். சுற்றப்போகும் மலை தமிழ்மலை. இடையில் வழங்கும் பெயர்கள் மட்டும் ஆங்கிலம்!

நான்கைந்து மணி நேரத்தில் அத்தனை இடங்களிலும் இறங்கி ஏறிப் படம் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பும் அக்குடும்பம், கொடைக்கானலைப் பார்த்து முடித்துவிட்டதாக நம்புகின்றது. உண்மையில் அது பார்த்தது எதை? வெள்ளைக்காரன் தன் கண்ணுக்கு இனியவை என்று தேர்ந்து வைத்த இடங்களை, அவன் நின்ற அதே இடத்தில் நின்று, அவன் இட்ட அதே பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தது. அவ்வளவே!

வெள்ளையர் இம்மலைக்கு வந்த வரலாறு நெடியதன்று. 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை நில அளவர் பழனிமலைத் தொடரை அளக்க ஏறினார். 1845இல் அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் முதலிரு வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரைத் தண்டலரான லெவிஞ்சு நீரோட்டத்தைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். 1872இல் கோக்கர் என்னும் படையலுவலர் மலைவிளிம்பில் நடைவழி அமைத்தார். 1908இல் பிரையண்ட்டு என்னும் கானகத்துறை அலுவலர் பூங்காவை வகுத்தார். இவை அவர்தம் உழைப்பின் பயன்கள். கோக்கர் அமைத்த நடைவழிக்குக் கோக்கரின் பெயரும், பிரையண்ட்டு வகுத்த பூங்காவிற்குப் பிரையண்ட்டின் பெயரும் இருப்பதைத் தமிழர் வெறுக்க வேண்டுவதில்லை. செய்ந்நன்றி மறவாமை தமிழரின் தலையாய அறம்.

ஆனால், ஏறத்தாழ 400 அடி உயரத்திற்கு ஓங்கி நிற்கும் தூண்பாறைகளை எந்த வெள்ளைக்காரனும் செதுக்கவில்லை. பள்ளத்தாக்கை எவனும் அகழவில்லை. அருவியை எவனும் கொணர்ந்து வீழ்த்தவில்லை. அவற்றிற்கு அவன் இட்ட பெயர், வழிப்போக்கன் தன் நினைவுக்காகப் பாறையிற் கிறுக்கிவிட்டுப் போன கிறுக்கலை ஒத்தது. அக்கிறுக்கலை இன்றும் அழியாமற் காத்து வருபவன் தமிழனே!

'பேர் சோலா' என்று ஓர் அருவியைக் காட்டுகின்றனர். கரடிச்சோலை என்பதன் ஆங்கிலச் சிதைவு அது. சோலை என்னும் தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொண்ட ஆங்கிலேயன், தன் நாவிற்கேற்பச் 'சோலா' ஆக்கினான். உலகெங்கும் உள்ள கானக நூலார் இம்மலைகளின் முகட்டுக் காடுகளை இன்று அப்பெயராலேயே குறிக்கின்றனர். அது தமிழுக்குப் பெருமை. ஆனால் தமிழன் தன் வீட்டுச் சொல்லையே அயலானிடமிருந்து திரும்பக் கடன் வாங்கிச் 'சோலா' என்று சொல்லித் திரிவது யாருக்குப் பெருமை?

"காட்சிதானே வேண்டும், பெயர் எதுவாயிருந்தால் என்ன?" என்று வினவுவார் உளர். பெயர் வெறும் ஒலியன்று. அஃது ஓர் இடத்தைப் பற்றிய அறிவின் சுருக்கம். சாரல், அடுக்கம், விடர், முழை, குவடு, கானல் என்று மலையின் ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனிச் சொல் கண்டவர் தமிழர். சரிவு வேறு, பிளவு வேறு, குகை வேறு, உச்சி வேறு என்று கண்டு வாழ்ந்தவர்க்கே அத்துணைச் சொற்களும் வேண்டியிருந்தன. மகிழுந்தில் வந்து இறங்கி நின்று போகின்றவனுக்கோ அத்தனையும் ஒரே 'வியூ பாயிண்ட்டு'. சொல் சுருங்குமிடத்துப் பார்வையும் சுருங்குகின்றது.

இம்மலையின் ஊர்ப்பெயர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேல்மலையிற் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால். கீழ்மலையிற் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர். நகரையொட்டி வில்பட்டி, அடுக்கம், வட்டக்கானல். மக்கள் உழுது, விதைத்து, பிறந்து, மடிந்த இடங்களுக்கெல்லாம் அவர்தம் வாய்ப்பெயரே நிலைத்தது. எங்கே எவரும் வாழாமல் நின்று பார்த்துவிட்டு மட்டும் போயினரோ, அங்கேதான் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரைநாட் சுற்றுலா முன்னவற்றைப் புறத்தே ஒதுக்கிப் பின்னவற்றை மட்டும் கோத்துத் தருகின்றது.

கழக நூல்களில் இம்மலைக்கு இடமுண்டு. பொதினி எனப்பட்ட பழனியை ஆண்ட ஆவியர் குடியும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் இத்தொடரின் அடிவாரத்தைச் சேர்ந்தோர். கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 205ஆம் பாட்டாக உள்ளது. அக்கோடைமலை கொடைக்கானல் மலையே என்பது அறிஞர் பலர் துணிபு. தாண்டிக்குடிப் பகுதியில் பழந்தமிழர் தம் இறந்தோர்க்கு எடுத்த கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. இம்மலைத் தொடரின் கல்திட்டைகளைப் பற்றி 1928ஆம் ஆண்டிலேயே இந்தியத் தொல்லியல் துறை தனி நூல் வெளியிட்டது. அயல்நாட்டார் இருவர் மலைமலையாய் நடந்து ஆய்ந்து எழுதிய நூல் அது. அவர்கள் தேடி நடந்த கற்களைத் தமிழனின் அரைநாட் பட்டியலிற் காணோம்!

தமிழர் தாமே ஓரிடத்தின் ஆங்கிலப் பெயரை மாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. அது மேலும் வெட்கத்திற்குரியது. தூண்பாறைகளுக்கு அருகிலுள்ள ஆழ்ந்த பிளவிற்குப் 'பேயின் அடுக்களை' என்னும் பொருளில் ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர். 1991இல் வெளிவந்த 'குணா' என்னும் திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டது. அன்று முதல் அது 'குணா குகை' ஆயிற்று. 2024இல் வந்த மலையாளப் படம் ஒன்று அப்பெயரை மேலும் பரப்பியது. வெள்ளைக்காரன் இட்ட பெயரைத் தள்ளிய தமிழன், அவ்விடத்தில் வைத்தது தன் முன்னோர் சொல்லையன்று. திரைப்படக் கதைத்தலைவன் பெயரை! விலங்கைக் கழற்றியவன் மறுகையில் வேறொரு விலங்கை மாட்டிக்கொண்ட கதையே இது.

அதே மலையில் நேர்மாறான சான்றொன்றும் உண்டு. குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர் ஆத்திரேலியாவிற் பிறந்த வெள்ளைக்கார அம்மையார். ஈழத் தமிழ்ப் பெருந்தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இலீலாவதி என்னும் பெயருடன் தமிழர் வாழ்வை ஏற்றவர் அவர். பன்னீராண்டிற்கு ஒருமுறை பூத்து மலையை நீலமாக்கும் குறிஞ்சியின் பெயரே அங்குறையும் முருகனுக்குப் பெயராயிற்று. அரைநாட் பட்டியலில் தமிழ் மணக்கும் பெயர்களுள் தலையாயது அது. அதனைத் தந்தவர் அயல்நாட்டிற் பிறந்தவர். பிறப்பால் வெள்ளையரான ஒருவர்க்கு இயன்றது, பிறப்பால் தமிழரானவர்க்கு ஏன் இயலவில்லை? குறிஞ்சி 2018இற் பூத்தது. இனி 2030இற் பூக்கும். அதற்குள்ளேனும் இவ்வினாவிற்கு விடை காணல் வேண்டும்.

உலகில் மானமுள்ள மக்கள் இத்தகைய நிலையில் என் செய்தனர் என்பதற்கு வியத்துநாம் நற்சான்று. தமிழகத்திலிருந்து இன்று பலர் சுற்றுலாச் செல்லும் தானாங்கு, அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கடற்கரை நகர். 1888இல் பிரெஞ்சியர் அதனைத் தம் நேராட்சிக்குட் கொணர்ந்து 'தூரான்' என்றே வழங்கினர். பிரெஞ்சியர் ஆட்சி அகன்றதும் அம்மக்கள் தூரானைத் துடைத்தெறிந்து தானாங்கை மீட்டனர். 1965இல் அமெரிக்கப் படை அங்கே கரையிறங்கியது. அப்படையாளர் மீகே கடற்கரையைச் 'சீனக் கடற்கரை' என்றும், சொன்சா மலையைக் 'குரங்கு மலை' என்றும் அழைத்தனர். 1975இற் போர் முடிந்தது. இன்று அந்நாட்டார் வழக்கில் அவை மீகேயும் சொன்சாவுமே. அயலார் 'சலவைக்கல் மலை' எனக் குறிக்கும் குன்றுகளும் அம்மக்களுக்கு ஐம்பூதமலையே.

அங்கும் தனி மகிழுந்தில் அரைநாட் சுற்றுலா உண்டு. அயலார் எளிமைக்காக ஆங்கிலப் பெயரையும் அவர்கள் சொல்லத்தான் செய்கின்றனர். ஆயின் அது துணைப்பெயர், தலைப்பெயர் அன்று. தம் பிள்ளைகளிடம் அவ்விடங்களை அவர்கள் அயற்பெயராற் சுட்டுவதில்லை. கொடைக்கானலிலோ தமிழ்த் தாய் தன் குழந்தைக்கே 'பில்லர் ராக்சு பார்' என்று விரல் நீட்டுகின்றாள்!

தானாங்கு கற்பிக்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. அப்பெயர் வியத்துநாமியர் படைத்ததன்று. அந்நிலத்தை முன்பு ஆண்ட சாம்ப மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பர் அறிஞர். வென்றவர், தமக்கு முன் வாழ்ந்தோர் பெயரை அழியாமல் வைத்துக்கொண்டனர். 1919இல் திறக்கப்பட்ட சாம்பச் சிற்பக் காட்சியகம் இன்றும் அந்நகரில் உள்ளது. இப்பாடம் தனித்தமிழ் அன்பர்க்கும் உரியது என்பதைப் பாச்சலூரை எண்ணும்போது உணரலாம்.

பாச்சலூர், கொடைக்கானல் வட்டத்துக் கீழ்மலை ஊர். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாற்று அணை வழியாக ஏறும் மலைச்சாலை அதனை அடைகின்றது. குளம்பியும் மிளகும் வாழையும் பலாவும் விளையும் மண் அது. அங்கே கோக்கரும் இல்லை, பிரையண்ட்டும் இல்லை, அரைநாட் பட்டியலும் இல்லை. ஆகவே, இன்றுவரை பாச்சலூர் தன் பெயர்களோடு தானாய் இருக்கின்றது.

இந்நிலை நெடுநாள் நீடிக்குமெனக் கூறவியலாது. கொடைக்கானலில் ஊர்தி நெரிசல் தாளாமல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் இணையவழி இசைவுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. மேலே இடம் நெருக்குண்டால் கூட்டம் கீழ்மலையை நாடுவது இயல்பு. அன்று பாச்சலூர்ச் சாலை வளைவொன்றில் யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி, "இங்கொரு 'வேலி வியூ' உள்ளது" என்பார். மறுநாள் அது பலகையில் ஏறும். பத்தாண்டிற்குள் அங்குப் பிறந்த குழந்தையும் அதையே சொல்லும். வெள்ளைக்காரன் மிதிக்காத பாறைக்கும் வெள்ளைக்காரன் பெயர் வந்துவிடும். கொடைக்கானலில் நிகழ்ந்தது அயலான் இழைத்த தீங்கு. பாச்சலூரில் நிகழப்போவதோ தமிழன் தன் கையாலேயே இழைத்துக்கொள்ளும் தீங்கு!

அதற்கு மாற்றாகச் சென்னையிலும் மதுரையிலும் அமர்ந்து புதுப்பெயர் புனைந்தனுப்புவது தீர்வன்று. இங்கேதான் தனித்தமிழ் அன்பர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள வேண்டும். கீழ்மலையிற் பளியர் வாழ்கின்றனர். தேனடையும் கிழங்கும் தேடிக் காட்டின் ஒவ்வோர் இண்டு இடுக்கையும் அறிந்தவர் அவர். ஓடைக்கும் பாறைக்கும் அவர் வாயில் வழங்கும் பெயர்களைக் கேளாமல், அகரமுதலியைப் புரட்டி அழகிய பெயரொன்றை ஆக்கி ஒட்டினால், ஆங்கிலேயன் தமிழனுக்குச் செய்ததையே தமிழன் பளியனுக்குச் செய்தவனாவான். தூய தமிழ் என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று. காட்டிலும் மேட்டிலும் எழுத்தறியா மூத்தோர் நாவிலும் இருப்பது. ஏட்டுத்தமிழ் அவர்முன் மாணவனாய் அமர்தலே முறை.

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, பட்டியல் வருமுன் பெயர்களைத் தொகுத்தல். பளியர் முதியோரையும் கீழ்மலை உழவரையும் அணுகி, பாறை, ஓடை, சரிவு, சோலை ஒவ்வொன்றிற்கும் அவர்கள் வழங்கும் பெயரை அவர்கள் ஒலிப்பவாறே எழுதிவைத்தல். ஊராட்சியும் பள்ளி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தால் அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இரண்டாவது, பலகையில் அப்பெயரையே தலைப்பெயராய்ப் பொறித்தல். அயலார்க்கு வேண்டுமாயின், ஆங்கில எழுத்தில் அதே பெயர் கீழே நிற்கட்டும், மொழிபெயர்ப்பு வேண்டா.

மூன்றாவது, சுற்றுலாச் செல்வோர் கடமை. ஓட்டுநரைக் குறை கூறிப் பயனில்லை. வருவோர் எப்பெயரைக் கேட்கின்றனரோ அப்பெயரை அவர் சொல்கின்றார். அவர்க்கு அது பிழைப்பு. கேட்பவன் மாறினாற் சொல்பவர் மாறுவார். வண்டியில் ஏறும் ஒவ்வொரு தமிழனும், "இவ்விடத்திற்கு இவ்வூரார் சொல்லும் பெயர் என்ன?" என்று ஒரே ஒரு வினாவைக் கேட்கட்டும். ஓட்டுநர் அறியாராயின், மறுநாள் வேறொருவர் கேட்கும்போது அறிந்துவைத்திருப்பார். நூறு பேர் கேட்டாற் பட்டியலே மாறும். ஆட்சியாளரின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டிய செயலன்று இது.

பொதினியும் கோடையும் குறிஞ்சியும் விளங்கிய மலையில், தமிழன் அயலான் வீட்டு விருந்தினனைப் போல் அரைநாள் சுற்றிவிட்டுத் திரும்புகின்றான். அவன் அம்மலையின் உரிமையாளன். உரிமையாளன் தன் பிள்ளைக்குக் காட்டவேண்டியது காட்சியை மட்டுமன்று, அதன் பெயரையும்! கொடைக்கானலில் இழந்ததை மீட்கக் காலம் ஆகலாம். பாச்சலூரில் இன்னும் எதையும் இழக்கவில்லை. இழக்குமுன் விழித்துக்கொள்வானா தமிழன்?