பழைய பாக்கியும் வசூல்காரரும்

கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை. மொத்தக் கடையில் நாம் தவணைக்குச் சரக்கு எடுக்கிறோம். தெருவில் உள்ள வாடிக்கையாளருக்கு நாமே மாதக் கணக்கில் கொடுக்கிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் பைசல் செய்து கொள்கிறோம். கொடுத்தவரும் வாங்கியவரும் நேரில் பேசிக் கொள்ளும் வரையில் இந்த வழக்கத்தால் பெரிய தொல்லை வருவதில்லை. பேரேடு மூன்றாவது மனிதர் கைக்குப் போகும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

ஏஜென்சி கை மாறுகிறது, பங்காளிகள் பிரிகிறார்கள், அல்லது ஒரு மொத்தக் கடை மூடப்படுகிறது. பழைய நிலுவைப் பட்டியல் கமிஷனுக்கு வசூல் செய்யும் ஆளிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் பகலில் வருவதில்லை. மாலை ஏழு மணிக்கு, கடையில் கூட்டம் நிற்கும் நேரம் பார்த்து வருகிறார். நான்கைந்து ஆண்டுக்கு முந்தைய பாக்கி என்று ஒரு தாளை நீட்டுகிறார். வாடிக்கையாளர் காதில் விழும்படி பேசுகிறார். கடைக்காரர் மானத்துக்குப் பயந்து கல்லாவிலிருந்து இரண்டாயிரமோ மூவாயிரமோ எடுத்துக் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பி விடுகிறார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் எதை ஒப்புக் கொண்டார் என்பது அவருக்கே தெரியாது.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் ஊரெல்லாம் வர வேண்டிய பாக்கி உண்டு. ஆகவே வாங்கிய கடனைக் கொடாமல் தப்பிக்க வழி சொல்லித் தருகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். கணக்குக்குக் கட்டுப்படுவோம், மிரட்டலுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்ற ஒரு கொள்கையைத்தான் நாம் வற்புறுத்துகிறோம்.

வசூல்காரர் வந்தால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதிகாரக் கடிதம். சரக்குக் கொடுத்தவர் இவரை வசூலுக்கு நியமித்தாரா, அல்லது கடனையே இவருக்கு எழுதிக் கொடுத்து விட்டாரா? எதுவாயினும் சரக்குக் கொடுத்தவர் கையெழுத்துடன் எழுத்தில் காட்ட வேண்டும். கடனை மற்றொருவருக்கு மாற்றுவது எழுத்து மூலம் செய்தால்தான் செல்லும். அதிகாரம் இல்லாதவரிடம் கொடுத்த பணம் நம் கணக்கில் வரவாகாது. நாளை உண்மையானவர் வந்து கேட்டால் இரண்டாம் தடவையும் கொடுக்க நேரும்.

அடுத்து, மொத்தத் தொகையை மட்டும் எழுதிய துண்டுத் தாளை ஏற்க வேண்டாம். பில் வாரியாக, தேதி வாரியாகப் பற்று வரவு நகல் கேளுங்கள். சரக்கு இறங்கியதற்கு நம் கடைக் கையெழுத்து உள்ளதா என்று பாருங்கள். பழைய கணக்குகளில் தகராறு வருவது பெரும்பாலும் பற்றுப் பக்கத்தில் அல்ல, வரவுப் பக்கத்தில்தான். திருப்பி அனுப்பிய காலாவதிச் சரக்கு, உடைசல், ஒழுகல், ஸ்கீம் தள்ளுபடி, விற்பனையாளர் கையில் கொடுத்த ரொக்கம் ஆகியவை அந்தத் தாளில் ஏறியிருக்காது. வட்டி என்று ஒரு பெருந்தொகை மட்டும் மறக்காமல் ஏறியிருக்கும். வட்டிக்கு முன்கூட்டிய ஒப்பந்தமோ, எழுத்து மூலம் கேட்ட நோட்டீஸோ இருக்க வேண்டும். வசூல்காரர் வாய்க்கு வந்த விகிதம் வட்டியாகாது.

இதற்கெல்லாம் நம் பக்கத்திலும் புத்தகம் இருக்க வேண்டும். நம் ஊர் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வைத்த வர்த்தகர். இந்த ஊரில் கடை வைத்துக் கொண்டு, எழுதி வைக்க நேரமில்லை என்று சொல்லலாமா? பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. வரி அதிகாரிக்காக வைக்கும் அதே புத்தகம் வசூல்காரருக்கும் பதில் சொல்லும்.

மூன்றாவது விஷயம் காலவரையறை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிப்பிடாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை குறித்திருந்தால் அது முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. இந்தக் கணக்கில் கொரோனா காலத்தை மறந்துவிடக் கூடாது. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. ஆகவே 2020 ஜனவரி நடுவில் எடுத்த சரக்குக்கு 2023 ஜனவரியில் காலம் முடியவில்லை. ஏறக்குறைய 2024 கடைசி வரை நீண்டது.

நம் ஊரில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. "இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், இங்கே 30 வருஷம் வரை கேட்கலாம்" என்று சில வசூல்காரர்கள் பயமுறுத்துவார்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பொதுவான காலவரையறை 30 ஆண்டாக இருந்தது உண்மை. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு நடந்த பிறகும் பழைய சட்டத்தின் சில பகுதிகள் இங்கே நிலைத்ததும் உண்மை. ஆனால் 1994-இல் புதுச்சேரி சட்டப்பேரவை, பழைய உள்ளூர்க் காலவரையறைச் சட்டங்களை நீக்கத் தனிச் சட்டமே இயற்றியது. போர்த்துகீசியர் ஆண்ட கோவாவிலும் இதே கேள்வி எழுந்து, மத்தியச் சட்டமே செல்லும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஆகையால் 30 வருஷப் பேச்சுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இனி, மிக முக்கியமான கையெழுத்துக்கு வருவோம். காலம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டு தொடங்கும். ஒரு பகுதியைக் கொடுத்து அதற்குக் கையெழுத்து இருந்தாலும் அப்படியே. காசோலையாகக் கொடுத்தால் அதிலுள்ள கையெழுத்தே போதும். காலம் முடிந்து போன கடனையும், கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு உயிர்ப்பித்து விடும். வசூல்காரர் பணத்தைவிடக் கையெழுத்துக்கு அவசரப்படுவது இதனால்தான். "படித்துப் பார்த்து நாளை சொல்கிறேன்" என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

பணம் கொடுக்கும்போது எந்தத் தேதி பில்லுக்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். குறிப்பிடாமல் கொடுத்தால், வாங்குபவர் தம் விருப்பப்படி பழைய பாக்கியில், காலம் கடந்த பாக்கியிலும்கூட, வரவு வைத்துக் கொள்ளலாம். பிறகு புதிய பில் அப்படியே நிற்கும்.

ஏஜென்சி எடுக்கும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் நினைவில் வையுங்கள். கையெழுத்திட்ட காசோலையை மற்றவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததாகவே முதலில் கருதப்படும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். ஆகவே கணக்கு முடிந்த அன்றே காசோலையைத் திரும்ப வாங்குங்கள். காசோலை திரும்பி நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்து விடாமல் உடனே வக்கீலிடம் போக வேண்டும்.

வசூல்காரர் மிரட்டினால்? வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் பெற்றவரை அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. அது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உரியது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2025-இல் வந்த கட்டாய வசூல் தடுப்புச் சட்டம் அங்குள்ள கடன் நிறுவனங்களுக்கு உரியது. வியாபாரி அனுப்பும் ஆளுக்கு இப்படித் தனி விதி இல்லை என்பதால் அவர் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவுப்படி குற்ற மிரட்டல் எவர் செய்தாலும் குற்றமே. பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சாட்சியாக அழையுங்கள், தேதியும் நேரமும் குறித்து வையுங்கள், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிலுக்கு நாம் குரல் உயர்த்தினால் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

காலவரையறை விஷயத்தில் நம் வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 3 ஆண்டு கடந்தால் வழக்குப் போடும் வழி அடைபடுகிறதே தவிர, கடன் இல்லை என்று ஆகிவிடுவதில்லை. சரக்கை வாங்கி விற்று லாபமும் பார்த்த பின், "காலம் போய்விட்டது" என்று கையை விரிப்பவருக்கு இந்த ஊரில் மறுபடி யார் சரக்குப் போடுவார்கள்? கணக்குச் சரியாக இருந்து கடன் நம்முடையதுதான் என்று தெரிந்தால், சரக்குக் கொடுத்தவரையோ அவர் வாரிசையோ நேரில் பார்த்துத் தொகை பேசி, முழுவதும் பைசல் என்று எழுதி வாங்கிக் கொண்டு கொடுத்து விடுவதே வணிக தர்மம்.

மொத்த வியாபாரிகளான நம்மவர்களுக்கு இதைவிடக் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் இருந்துவிட்டு, ஐந்தாவது வருஷம் அடியாளை அனுப்புவது வியாபாரம் ஆகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடனையும் அளந்துதான் போட வேண்டும். ஒவ்வொரு மார்ச் 31-ஆம் தேதிக்கும் நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்கும் கடைக்குக் காலவரையறைத் தொல்லையும் இல்லை, கமிஷன் ஆளும் தேவையில்லை. வசூல்காரரின் பேச்சால் நாம் இழப்பது ஒரு பாக்கியை மட்டுமல்ல, இருபது வருஷ வாடிக்கையையும் இழக்கிறோம்.

தகராறு தீராவிட்டால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்துச் சமரசம் பேசலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளில், அவசர உத்தரவு தேவைப்பட்டாலொழிய, முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அதற்கும் முன்னதாக ஒரு படி நம் கையில் உள்ளது. மளிகைக்காரர் இருவர், மொத்த வியாபாரிகள் இருவர், கணக்கு அறிந்த பெரியவர் ஒருவர் என ஐவர் கொண்ட நிலுவைச் சமரசக் குழுவை நமது சங்கம் அமைக்கலாம். மாதம் ஒரு நாள் கூடினால் போதும். இரு தரப்பும் தம் பேரேட்டை மேஜையில் வைக்கட்டும். புதுச்சேரி வணிகர் இருவருக்கு இடையிலுள்ள கணக்கை மூன்றாவது மனிதர் கடை வாசலில் நின்று கத்தித் தீர்க்கும் நிலை நமக்குக் கௌரவம் அன்று. வரும் பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசி முடிவு செய்யுமாறு நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் கேட்டுக் கொள்கிறோம்.